பாரம் இழுக்கும் டிராக்டரில் கிளட்ச் வழுக்கினால்

(உழவர் பயிற்சி வகுப்பு ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



உழவியல் துறையிலிருந்து வருகிறவர் விதையைப் பற்றியோ, உரத்தைப் பற்றியோ, களையைப் பற்றியோ பேசுவார் என்றுதான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது டிராக்டரின் கிளட்ச். பயிருக்கும் கிளட்சுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு இருக்கிறது.

வெட்டிய கரும்பை 24 மணி நேரத்திற்குள் அரைத்துவிட வேண்டும் என்று ஆண்டுதோறும் உங்களுக்குச் சொல்லி வருகிறோம். நேரம் கடந்தால் கரும்பு உலர்ந்து எடை குறைகிறது. அதிலுள்ள சர்க்கரை சிதைவதால் கட்டுமானமும் இறங்குகிறது. வெட்டு உத்தரவு வாங்கி, ஆள் பிடித்து, வெட்டி, கட்டி, ஏற்றி அனுப்பிய பாரம் பாதி வழியில் ஏற்றத்தில் நின்றுவிட்டால், ஓர் ஆண்டு உழைப்பின் பலன் சாலை ஓரத்தில் வெயிலில் காய்கிறது. நெல்லுக்கும் இதே கதிதான். களத்தில் அடித்த நெல் கொள்முதல் நிலையம் சேருவதற்குள் மழை வந்துவிட்டால் ஈரப்பதம் ஏறிவிடும். இப்படி வண்டி நின்றுபோகும் பல வேளைகளில் என்ஜின் நன்றாகவே இருக்கிறது, டயரும் நன்றாகவே இருக்கிறது. இடையில் உள்ள கிளட்ச்தான் கைவிடுகிறது.

சொந்த டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அல்ல இது. வாடகை வண்டியில் பாரம் ஏற்றுகிறவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வண்டி யாருடையதாக இருந்தாலும் அதன் மேல் இருக்கும் விளைச்சல் உங்களுடையது.

கிளட்ச் செய்யும் வேலை

மாட்டு வண்டியை எண்ணிப் பாருங்கள். மாடு என்ஜின், வண்டி பாரம். மாட்டை நுகத்தோடு பிணைப்பது பூட்டாங்கயிறு. கயிறு நழுவினால் மாடு முன்னே நடக்கும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். டிராக்டரில் பூட்டாங்கயிற்றின் வேலையைச் செய்வது கிளட்ச்.

என்ஜினின் பின்பக்கத்தில் பிளைவீல் என்னும் கனமான சக்கரம் என்ஜினோடு சேர்ந்து சுழல்கிறது. அதன் முகத்தோடு ஒட்டியபடி கிளட்ச் பிளேட் இருக்கிறது. இந்தத் தட்டின் இரு பக்கமும் உராய்வு லைனிங் பதித்திருப்பார்கள். தட்டுக்குப் பின்னால் பிரஷர் பிளேட். அதிலுள்ள ஸ்பிரிங்குகள் தட்டைப் பிளைவீலோடு இறுக்கி அழுத்துகின்றன. இந்த அழுத்தத்தால்தான் பிளைவீலும் தட்டும் ஒன்றாகச் சுழன்று, என்ஜினின் சக்தி கியர் பெட்டிக்குப் போகிறது.

நாம் பெடலை அழுத்தும்போது ரிலீஸ் பேரிங் முன்னே போய், பிரஷர் பிளேட்டில் உள்ள விரல் போன்ற நெம்புகோல்களைத் தள்ளுகிறது. அழுத்தம் விடுபடுகிறது, தட்டு தனியாகிறது. காலை எடுத்தால் மறுபடியும் அழுத்தம் வருகிறது.

ஆகவே கிளட்ச் பிடிப்பதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, ஸ்பிரிங்கின் முழு அழுத்தம். மற்றொன்று, லைனிங்கின் உராய்வு. இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் கிளட்ச் வழுக்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப் போகும் காரணங்கள் எல்லாம் எளிதில் விளங்கும்.

வழுக்குவது கிளட்ச்தானா?

வண்டி இழுக்கவில்லை என்றவுடன் கிளட்ச் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இழுக்காமல் போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றையும் கண்ணாலும் காதாலும் பிரித்து அறியலாம்.

1. ஏற்றத்தில் என்ஜின் சத்தம் இறங்கி, திணறி, கரும்புகை கக்கினால் குறை கிளட்சில் இல்லை. கிளட்ச் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் என்ஜின் திணறுகிறது. பாரம் மிகுதி, அல்லது கியர் பொருத்தமில்லை, அல்லது என்ஜினில் கோளாறு.

2. பின் சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்றால் டயர் வழுக்குகிறது. சேற்றிலும் மணலிலும் இப்படி நேரும்.

3. என்ஜின் சத்தம் ஏறுகிறது, ஆனால் பின் சக்கரத்தின் வேகம் ஏறவில்லை, அல்லது சக்கரம் நின்றே போகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சற்று நேரத்தில் காரமான கருகல் நாற்றமும் வரும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கியால் இணைத்து, கை பிரேக்கைப் போட்டு, வலக் காலால் பிரேக்கையும் அழுத்திக்கொள்ளுங்கள். உயர்ந்த கியரில் போட்டு, என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, கிளட்ச் பெடலை மெதுவாக விடுங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் என்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்கல் உறுதி. உடனே பெடலை அழுத்திவிடுங்கள். இந்தச் சோதனையை ஒரு முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே தட்டைக் கருக்கிவிடும்.

உழும்போது தெரியாதது பாரத்தில் தெரிவது ஏன்?

"நேற்று வரை நன்றாக உழுதது, இன்று பாரம் கட்டியவுடன் வழுக்குகிறது" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இதன் காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டிராக்டர் 2 டன், பாரத்தோடு டிரெய்லர் 6 டன், ஆக மொத்தம் 8 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமமான தார்ச் சாலையில் இதை உருட்டிச் செல்ல ஏறத்தாழ 160 கிலோ இழுவிசை போதும். மண் பாதையில் அது 400 கிலோ ஆகிறது. பொலபொலத்த வயலில் 800 கிலோவையும் தாண்டும். 20 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றம் வந்தால் இவற்றோடு இன்னொரு 400 கிலோ சேர்கிறது. வரப்பேறிச் சாலைக்கு வருகிற இடத்தில் இரண்டு சுமையும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

இதோடு கியரையும் பார்க்க வேண்டும். அதே இழுவிசையைத் தாழ்ந்த கியரில் கொடுக்கும்போது கிளட்சின் மேல் விழும் முறுக்கு குறைவு. உயர்ந்த கியரில் அதிகம். உழும்போது பெரும்பாலும் தாழ்ந்த கியரில் போகிறோம். சாலையில் பாரத்தோடு உயர்ந்த கியரில் போகிறோம். அதனால்தான் அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருந்த கிளட்சின் குட்டு சாலையில் வெளிப்படுகிறது. இதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். உயர் கியரில் மட்டும் வழுக்குகிற நிலையில் கவனித்தால் செலவு சிறிது. தாழ்ந்த கியரிலும் வழுக்கத் தொடங்கிவிட்டால் செலவு பெரிது.

வழுக்குகிற கிளட்சில் போகிற சக்தி எங்கே போகிறது? அப்படியே வெப்பமாகிறது. 35 குதிரைத் திறன் வண்டி முழுத் திறனில் இழுக்கும்போது கிளட்ச் 10 விழுக்காடு வழுக்கினால் மூன்றரைக் குதிரைத் திறன், அதாவது சுமார் 2,600 வாட், வெப்பமாக மாறுகிறது. 1,000 வாட் மின் அடுப்புகள் இரண்டரையை அந்த மூடிய கூட்டுக்குள் வைத்து எரிப்பதற்கு இது சமம். லைனிங் கருகுவதும், பிரஷர் பிளேட் நீலம் பாய்ந்து வெடிப்பதும், ஸ்பிரிங் தளர்வதும் இந்த வெப்பத்தால்தான். "வழுக்கினால் என்ன, எப்படியோ வீடு போய்ச் சேரலாம்" என்று ஆக்ஸிலரேட்டரை மேலும் மிதிப்பவர் அடுப்பில் விறகைத்தான் திணிக்கிறார். தட்டு ஒன்றோடு போயிருக்க வேண்டிய செலவு பிரஷர் பிளேட், பிளைவீல் வரை நீள்வது இப்படித்தான்.

முதலில் பார்க்க வேண்டியது பெடலின் இடைவெளி

கிளட்ச் வழுக்கினால் நேரே பட்டறைக்குப் போய்த் தட்டு மாற்றச் சொல்கிறோம். அதற்கு முன் ஓர் அளவுகோலை எடுங்கள். காசு செலவில்லாத காரணம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

கிளட்ச் பெடலை அழுத்தத் தொடங்கும்போது முதலில் கொஞ்ச தூரம் அது தளர்வாக, எதிர்ப்பில்லாமல் இறங்கும். இதை 'பிரீ பிளே' என்பார்கள். நாம் பெடல் இடைவெளி என்று சொல்லுவோம். ரிலீஸ் பேரிங்குக்கும் விரல்களுக்கும் நடுவே இருக்கும் சிறு சந்துதான் பெடலில் இப்படித் தெரிகிறது.

தட்டு தேயத் தேய இந்த இடைவெளி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. தட்டு மெலியும்போது பிரஷர் பிளேட் பிளைவீலை நோக்கி நகர்கிறது. அப்போது விரல்களின் முனை பின்னோக்கி, பேரிங்கின் பக்கம் வருகிறது. சந்து அடைபடுகிறது. கடைசியில் பேரிங் விரல்களின் மேல் எப்போதும் சாய்ந்தபடியே நிற்கும். காலை வைக்காமலே பெடலைச் சிறிது அழுத்திப் பிடித்த நிலை இது. ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் தட்டுக்குப் போய்ச் சேராது. தட்டில் லைனிங் மிச்சம் இருந்தும் கிளட்ச் வழுக்கும். சந்து இல்லாமல் சதா சுழன்று ரிலீஸ் பேரிங்கும் கெட்டுப்போகும்.

சில ஓட்டுநர்கள் பெடலில் இடைவெளியே இருக்கக் கூடாது, காலை வைத்தவுடன் 'கெட்டியாக' இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். அதுவே வழுக்கலை விலைக்கு வாங்குவதாகும்.

இடைவெளியைப் பார்க்கும் முறை இது:

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள்.

2. பெடலுக்குப் பக்கத்தில் தரைத்தட்டின் மேல் ஓர் அளவுகோலை நிமிர்த்தி வைத்து, பெடலின் மேல் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. காலால் மிதிக்காமல் கையால் பெடலை மெதுவாக அழுத்துங்கள். எதிர்ப்பு தட்டும் இடத்தில் நிறுத்தி அந்த அளவைக் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே இடைவெளி.

4. நம் நாட்டில் ஓடும் பல டிராக்டர்களில் இது 20 முதல் 30 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஓர் அங்குலம், இருக்கும். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவே உங்களுக்குச் சரியான அளவு.

5. குறைந்திருந்தால் பெடலிலிருந்து கிளட்ச் கூட்டுக்குப் போகும் கம்பியின் லாக் நட்டைத் தளர்த்தி, கம்பியின் நீளத்தை மாற்றி, சரியான இடைவெளி கிடைத்ததும் லாக் நட்டை மீண்டும் இறுக்குங்கள். கம்பியைக் கூட்டுவதா குறைப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஒரு சுற்றுத் திருப்பி, பெடலில் பார்த்து, பிறகு தொடருங்கள்.

அளவுக்கு மேல் இடைவெளி வைப்பதும் தவறு. அப்போது கிளட்ச் முழுவதும் விடுபடாது. கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வரும், பற்கள் சேதமாகும்.

பெடலின் திருப்பு ஸ்பிரிங் அறுந்திருக்கிறதா, பெடல் தண்டு துருப்பிடித்துப் பாதியில் நிற்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். கிரீஸ் இல்லாமல் பெடல் முழுவதும் மேலே வராமல் நின்றாலும் விளைவு ஒன்றுதான். சில புதிய வண்டிகளில் கம்பிக்குப் பதில் ஹைட்ராலிக் அமைப்பு இருக்கும். அவற்றில் கையேட்டில் சொன்னபடி எண்ணெய் அளவைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது பார்க்க வேண்டியது எண்ணெயும் சேறும்

எண்ணெய்க் கையால் கிணற்றுக் கயிற்றை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலர்ந்த லைனிங்கின் உராய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் எண்ணெய் பட்ட லைனிங்கில் மிஞ்சும். ஸ்பிரிங் எவ்வளவு அழுத்தினாலும் தட்டு நழுவிக்கொண்டே இருக்கும்.

கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு வடிகால் துளை உண்டு. பல வண்டிகளில் துளை அடைபடாதிருக்க ஒரு பின் தொங்கவிட்டிருப்பார்கள். துளை சேற்றால் அடைபட்டிருந்தால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அதிலிருந்து எண்ணெய் சொட்டினால் விரலில் தொட்டுப் பாருங்கள். கறுத்து, மெல்லியதாக இருந்தால் என்ஜின் ஆயில். கிராங்க் தண்டின் பின் ஆயில் சீல் கசிகிறது. கெட்டியாக, நெடியோடு இருந்தால் கியர் ஆயில். கியர் பெட்டிக்குள் போகும் தண்டின் சீல் கசிகிறது. எந்த எண்ணெய் என்று தெரிந்துகொண்டு பட்டறைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது போல.

காவிரிப் பாசனப் பகுதியிலும் ஏரிப் பாசனப் பகுதியிலும் சேற்றுழவு செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேற்றில் இறங்கும்போது கூட்டுக்குள் தண்ணீர் ஏறாதிருக்க இந்தத் துளையை அடைக்கும் திருகு மூடி ஒன்றைப் பல வண்டிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சேற்றுழவு முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால் உள்ளே கசிந்த எண்ணெயும் நீரும் வெளியேற வழியின்றித் தட்டையே நனைக்கும். நடவுக்கு உழுத வண்டி அறுவடைப் பாரத்தில் வழுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெய் ஊறிய தட்டைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவிச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். சூடான கூட்டுக்குள் பெட்ரோல் ஊற்றுவது தீயை அழைப்பதாகும். லைனிங்கில் ஊறிய எண்ணெய் முழுவதும் வெளியே வருவதும் இல்லை. மணலையோ பொடியையோ தூவுவதும் வைத்தியம் அல்ல.

தட்டை மாற்றுவது என்று ஆனால்

இடைவெளி சரியாக இருக்கிறது, எண்ணெய்க் கசிவும் இல்லை, ஆனாலும் வழுக்குகிறது என்றால் லைனிங் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்க வேண்டும். இடைவெளியைச் சரிசெய்யும் கம்பியின் மரை முழுவதும் தீர்ந்துவிட்டால் அதுவும் தட்டு முடிந்ததற்கு அடையாளம்.

நம் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் கிளட்சை மாற்ற என்ஜினையும் கியர் பெட்டியையும் பிரித்து வண்டியை இரண்டாக்க வேண்டும். கூலியும் நாளும் செலவாவது இதற்குத்தான். ஆகவே ஒருமுறை பிரித்தால் பார்க்க வேண்டியவை எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். பட்டறையில் நின்று கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள். கேட்பதால் எந்த நல்ல மெக்கானிக்கும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

1. பழைய தட்டைக் காட்டச் சொல்லுங்கள். ரிவிட்டின் தலை வரை லைனிங் தேய்ந்திருந்தால் தட்டு தன் ஆயுளை முடித்தது. லைனிங் கனமாக இருந்து, எண்ணெய்ப் பிசுக்கோ கண்ணாடி போன்ற பளபளப்போ தெரிந்தால் காரணம் வேறு. அந்தக் காரணத்தை நீக்காமல் புதுத் தட்டுப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

2. பிளைவீலின் முகத்தையும் பிரஷர் பிளேட்டின் முகத்தையும் பாருங்கள். ரிவிட் கீறிய பள்ளம், நீல நிறம், முடி போன்ற வெடிப்பு இருந்தால் கடைசல் பிடிப்பதா மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

3. ஆயில் சீல்களையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். இவற்றின் விலை மறுபடியும் வண்டியைப் பிரிக்கும் கூலியைவிடக் குறைவு. புதிய பேரிங்கை டீசலில் கழுவக் கூடாது. உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்துவிடும்.

4. தட்டை நடுமையத்தில் பொருத்த ஒரு மையத் தண்டைப் பயன்படுத்த வேண்டும். விரல்களின் உயரம் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு விரல் உயர்ந்திருந்தாலும் கிளட்ச் அதிர்ந்து பிடிக்கும்.

5. கழற்றிய கூட்டில் உள்ள தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பக்கத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.

இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டிகளில் சக்கரத்துக்கு ஒரு தட்டும், கதிரடிக்கும் இயந்திரம் போன்றவற்றை ஓட்டும் பி.டி.ஓ. தண்டுக்கு ஒரு தட்டும் உண்டு. எது வழுக்குகிறது என்பதை முன்கூட்டியே மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். புதுத் தட்டுப் போட்ட பிறகு சில நாள் இலேசான பாரத்தோடு ஓட்டி, இடைவெளியை மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும்.

ஓட்டும் முறையில் கிளட்சின் ஆயுள்

ஒரே நாளில் வாங்கிய இரண்டு டிராக்டர்களில் ஒன்றின் தட்டு பல ஆண்டுகள் உழைக்கிறது, மற்றொன்றில் ஒரு பருவத்திலேயே கருகுகிறது. வேறுபாடு பெரும்பாலும் ஓட்டுநரின் இடக் காலில் இருக்கிறது.

பெடலின் மேல் காலைச் சும்மா வைத்தபடி ஓட்டுவது முதல் கேடு. காலின் எடையே இடைவெளியைத் தின்றுவிடும். கிளட்ச் வேலை இல்லாதபோது கால் தரைத்தட்டில் இருக்க வேண்டும்.

உயர்ந்த கியரில் பாரத்தைக் கிளப்புவது இரண்டாவது கேடு. நாம் பார்த்த அதே 8 டன்னை மணிக்கு 2.5 கிலோமீட்டர் போகும் கியரில் கிளப்புவதோடு, 7.5 கிலோமீட்டர் போகும் கியரில் கிளப்புவதை ஒப்பிடுங்கள். வேகம் 3 மடங்கு. ஆனால் பாரத்தை அந்த வேகத்துக்குக் கொண்டுவரும்போது தட்டில் உண்டாகும் வெப்பம் 9 மடங்கு. ஏனெனில் வெப்பம் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுகிறது. எனவே எப்போதும் தாழ்ந்த கியரில், குறைந்த ஆக்ஸிலரேட்டரில் கிளப்புங்கள்.

ஏற்றத்தில் பிரேக் போடாமல் கிளட்சைப் பாதி அழுத்தி வண்டியை நிறுத்தி வைப்பது மூன்றாவது கேடு. இதனால் வண்டி ஓர் அடியும் நகராமலே தட்டு தேய்கிறது.

ஏற்றத்தின் நடுவில் கியர் மாற்றத் தடுமாறுவது நான்காவது. ஏற்றம் கண்ணில் பட்டவுடன், அடிவாரத்திலேயே அதற்குரிய கியருக்கு வந்துவிடுங்கள்.

டிரெய்லரின் பதிவுச் சான்றில் குறித்த எடைக்கு மேல் ஏற்றுவது ஐந்தாவது. ஒரு நடை மிச்சம் பிடிக்க ஏற்றும் கூடுதல் பாரம், தட்டின் விலையாகவும் பட்டறையில் நிற்கும் நாளாகவும் திரும்பி வருகிறது. வயலிலிருந்து சாலைக்கு ஏறும் இடம் செங்குத்தாகவோ பொதியலாகவோ இருந்தால், அறுவடைக்கு முன்பே இரண்டு வண்டி கல்லும் மண்ணும் கொட்டிச் சரித்து வையுங்கள். ஊரார் சேர்ந்து செய்தால் ஒரு காலை நேர வேலை. அந்த ஓர் இடத்தைச் சீர்செய்தாலே எல்லோருடைய கிளட்சும் பிழைக்கும்.

நடுவழியில் வழுக்கினால்

பாரத்தோடு போகும்போது வழுக்கத் தொடங்கினால் உடனே ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து, ஓரமாக, முடிந்தவரை சமமான இடத்தில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். கியரில் போட்டிருக்கிறேன், நகராது என்று நம்ப வேண்டாம். வழுக்குகிற கிளட்ச் நின்ற வண்டியையும் பிடித்து நிறுத்தாது.

என்ஜினை அணைத்து நன்றாக ஆறவிடுங்கள். கூட்டின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான இரும்பு வெடிக்கும். ஆறிய பின் பெடல் இடைவெளியைப் பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஸ்பானரைக் கொண்டு அங்கேயே சரிசெய்யலாம். இடைவெளி சரியாக இருந்தும் வழுக்கினால், பாதிப் பாரத்தை இறக்கி வேறு வண்டியில் மாற்றுங்கள். மீதியைத் தாழ்ந்த கியரில், மெதுவாக, சமமான பாதையில் கொண்டு போகலாம். சொன்னேன் அல்லவா, தாழ்ந்த கியரில் கிளட்சின் மேல் விழும் முறுக்கு குறைவு. தாழ்ந்த கியரிலும் வழுக்கினால் அதற்கு மேல் ஓர் அடியும் ஓட்டக் கூடாது.

இனி நான் சொல்லப் போவதை மிகக் கவனமாகக் கேளுங்கள். இது பணத்தைப் பற்றியது அல்ல, உயிரைப் பற்றியது.

ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்தானது. பாரத்தோடு இறங்கும்போது தாழ்ந்த கியரில் என்ஜின்தான் வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடிப்பும் கிளட்ச் வழியாகவே சக்கரத்துக்கு வருகிறது. கிளட்ச் வழுக்கினால் அந்தப் பிடிப்பு போய்விடும். 8 டன் எடையும் டிராக்டரின் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டிவரும். டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, டிராக்டர் குறுக்கே திரும்பிக் கவிழும் விபத்துகள் இறக்கத்தில் நடப்பவையே. ஆகவே வழுக்குகிற கிளட்சோடு பாரத்தை இறக்கத்தில் விடவே கூடாது. நல்ல கிளட்ச் உள்ளவர்களும் இறக்கத்தில் பெடலை மிதித்தோ, நியூட்ரலில் போட்டோ உருள விடக் கூடாது. அதில் மிச்சமாகும் டீசல் ஓர் உயிருக்கு ஈடாகாது.

சாலையில் போகும்போது இரண்டு பிரேக் பெடல்களும் கொக்கியால் இணைந்திருக்க வேண்டும். தனியாக விட்டால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிவிடும். பாரத்தின் மேலும், மட்கார்டின் மேலும், இழுகம்பியின் மேலும் ஆளை உட்கார வைக்காதீர்கள். ஏற்றிய ஆள்கள் வேலை முடிந்து ஊருக்குத் திரும்ப வேறு வழி செய்து கொடுங்கள்.

எங்கே கற்றுக்கொள்வது?

டிராக்டர் ஓட்டவும் பராமரிக்கவும் முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்கள் வீட்டில் இருந்தால் அவர்களை அனுப்புங்கள். மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் 1955-இல் தொடங்கிய மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தென் மாநிலங்களுக்கென ஆந்திராவில் அனந்தப்பூர் பகுதியில் கார்லதின்னேயில் ஒரு நிலையம் உண்டு. நம் மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

நினைவில் நிறுத்த வேண்டியவை

என்ஜின் திணறினால் பாரமோ கியரோ காரணம். என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் காரணம்.

வாரம் ஒருமுறை பெடல் இடைவெளியை அளந்து பாருங்கள்.

மாதம் ஒருமுறை வடிகால் துளையைப் பாருங்கள். சேற்றுழவு முடிந்ததும் திருகு மூடியைக் கழற்றுங்கள்.

முதலில் இடைவெளி, அடுத்து எண்ணெய், கடைசியில்தான் தட்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வழுக்குகிற கிளட்சோடு பாரம் இழுக்காதீர்கள். இறக்கத்தில் கண்டிப்பாக இறங்காதீர்கள்.

அரவைப் பருவம் தொடங்குவதற்கு முன், வெட்டு உத்தரவு கைக்கு வருவதற்கு முன், ஒரு காலைப் பொழுதை உங்கள் வண்டிக்கு ஒதுக்குங்கள். ஓர் அளவுகோல், இரண்டு ஸ்பானர், கொஞ்சம் கிரீஸ், இவை போதும். வாடகை வண்டி பேசுகிறவர்கள் வாடகையைப் பேசும்போதே, "தம்பி, ஏற்றத்தில் கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விளைய வைத்த பொருள் வீடும் விற்பனை நிலையமும் பத்திரமாகச் சேர்ந்தால்தான் வேளாண்மை நிறைவு பெறுகிறது.